திருக்கோணமலையில் ஒரு வழிகாட்டி

திருக்கோணமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகப் போகிறார்கள். கோணேசப் பெருமானைத் தரிசிப்பது ஒன்று. கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீரில் நீராடுவது மற்றொன்று. நிலாவெளி மணலில் கால் நனைய நடப்பது வேறொன்று. 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நான் அவ்வூருக்குப் போனது இம்மூன்றுக்கும் அன்று. என் அத்தானுடைய லொறிக்கு வழிகாட்டிக் கருவி ஒன்று தெரிவு செய்வதற்கு யோசனை சொல்லப் போனேன். இப்படியும் ஒரு யாத்திரை உண்டா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். போன காரியம் சிறிதே. ஆனால் அதன் பின்னே ஒரு குடும்பத்தின் கவலை இருந்தது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

அத்தானின் வீடு அனுராதபுரச் சந்திக்கு அணித்தே உள்ளது. முப்பத்துநான்கு ஆண்டுகளாக லொறிச் சாரதியாக உழைத்தவர். அவற்றுள் பிற்பாதி, கடன்பட்டு வாங்கிய சொந்த லொறியில் கழிந்தது. சென்ற வருடம் நீரிழிவு அவருடைய கண்களைத் தொட்டது. இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் பூப்போல விரிந்து தெரிகிறதென்றார். வைத்தியர் இனி இரவுப் பயணம் கூடாதென்று சொல்லிவிட்டார். லொறியின் தவணைப் பணமோ வைத்தியர் சொல்லுக்குக் காத்திராது. ஆகவே கனரக வாகன அனுமதிப்பத்திரம் பெற்ற மூத்த மகன், அதாவது என் மருமகன், தனியே சுக்கானைப் பிடிக்க வேண்டிய காலம் வந்தது. முதற் பயணம் நுவரெலியாவுக்குச் சீமெந்து ஏற்றிப் போவது.

அக்காவுக்கு அன்றிலிருந்து உறக்கமில்லை. அதற்கு முந்திய மாதம், மே 11ஆம் நாள், கொத்மலைப் பகுதியில் கரண்டியெல்ல என்னுமிடத்தில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மகன் ஏறப்போவதும் அதே நுவரெலியா வீதிதான். “நீ படித்தவன், தம்பி. வழி தவறாமற் கூட்டிப்போகும் கருவி ஏதோ உண்டாமே, நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சொல்லு” என்று அக்கா தொலைபேசியில் அழைத்தாள். புறப்பட்டேன்.

சீனக்குடாவிலே

ஹபரணையைத் தாண்டிக் கந்தளாய் வழியாகப் பேருந்து வரும்போதே துறைமுகத்தின் வாசனை எதிர்வரும் வாகனங்களிலே தெரியத் தொடங்கிவிடும். மா மூடைகள் ஏற்றிய லொறிகள், சீமெந்துத் தூள் சுமக்கும் உருளை வண்டிகள், எண்ணெய் பௌசர்கள் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவை பெரும்பாலும் புறப்படுமிடம் சீனக்குடாவும் அதனைச் சார்ந்த துறைகளும். சிங்கப்பூரைச் சேர்ந்த பிறிமா நிறுவனத்தின் மா ஆலை அங்குள்ளது. 1982ஆம் ஆண்டு ஏ. வை. எஸ். ஞானம் அவர்களால் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் இத்துறைமுகத்தையே சார்ந்தது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது இத் துறைமுகத்தின் மீதுதான். 1957இல் பிரித்தானியக் கடற்படை விடைபெற்றுச் சென்றது. போர்க் கப்பல்களுக்காகப் புகழ்பெற்ற துறை இன்று நாட்டின் பாணுக்கு மாவும் வீட்டுக்குச் சீமெந்தும் அனுப்புகிறது. அவற்றைச் சுமக்கும் சாரதிகளின் பெயரை எவரும் சரித்திரத்தில் எழுதுவதில்லை.

அத்தான் அத்தகைய சாரதிகளுள் ஒருவர். யுத்த காலத்தில் எந்த வீதி திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பது காலைதோறும் ஒரு விடுகதையாக இருந்த நாளிலும் அவர் வண்டி ஓட்டினார். வழி என்பது அவருக்குத் தாளில் வரைந்த கோடன்று. மனிதர் வாயிலிருந்து வருவது.

பேசாத ஒரு பேச்சு

வந்த அன்று இரவே காரியத்தின் உள்முகம் எனக்கு விளங்கிற்று. சாப்பிட்ட பின் நான் கருவியைப்பற்றிப் பேச்செடுத்தவுடன் மருமகன் எழுந்து வெளியே போய்விட்டான். அத்தான் நெடுநேரம் மௌனமாக இருந்து, பின் சொன்னார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாரி இரவில், குருநாகல் பகுதியிலுள்ள பேக்கரி ஒன்றுக்கு மா ஏற்றிச் சென்றார்கள். மகன் உதவியாளனாகப் பக்கத்தில் இருந்தான். பிரதான வீதியில் மரம் விழுந்து போக்குவரத்துத் தடைப்பட்டிருந்தது. மகன் கைப்பேசியிலுள்ள வரைபடத்தைப் பார்த்து, “இப்பக்கம் திரும்பினால் பதினைந்து நிமிடத்தில் அப்பால் ஏறலாம், அப்பா” என்றான். அவரும் திரும்பினார். அது ஒரு குளக்கட்டோரத்து வழி. காருக்கு ஏற்றது, லொறிக்கு அன்று. ஒரு பழைய மதகின் விளிம்பு பின்சக்கரத்தின்கீழ் இடிந்தது. வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது. உயிருக்குச் சேதமில்லை. படங்கு கிழிந்து மழை இறங்கிற்று. விடியும்போது பாதி மூடைகள் களியாகிவிட்டன. அந்த நட்டத்தை அடைக்க அக்காவின் இரண்டு காப்புகள் போயின.

“நான் ஒரு வார்த்தையும் அவனைக் கோபித்ததில்லை, தம்பி” என்றார் அத்தான். கோபித்திருந்தால் நல்லதாயிருக்கும் என்று எனக்குப் பட்டது. கோபித்துத் தீராத காரியம் இருவர் நடுவிலும் கல்லாய்க் கிடந்தது.

மூன்று பெட்டிகள்

மறுநாட் காலையில் முன்றிலில் ஒரு மேசை போட்டு எங்களிடமிருந்தவற்றைப் பரப்பினோம். மூன்று வகைப் பொருள்கள் இருந்தன. ஊரிலே பலரும் இம்மூன்றையும் ஒன்றெனவே மயங்குகின்றனர். அதனாற் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லோரிடமும் உள்ள கைப்பேசி. அதில் இலவசமாகக் கிடைக்கும் பொது வரைபடம் மிகவும் உதவியானது; ஆனால் அது வழி கணிக்கும்போது தன்னைக் கேட்பவன் காரோட்டி என்றே எண்ணிக்கொள்கிறது. வண்டியின் உயரம் என்ன, சுமையெத்தனை என்று அது வினாவுவதில்லை. மதகு இடிந்த இரவில் நிகழ்ந்தது இதுதான். பொய் சொன்ன குற்றம் கருவிக்கில்லை; காருக்குரிய வழியை லொறிக்கு எடுத்துக்கொண்டது தான் பிழை.

இரண்டாவது, கனடாவிலிருக்கும் ஓர் உறவினர் தாம் பாவித்ததைக் கொடுத்தனுப்பிய, லொறிக்கென்றே செய்யப்பட்ட வழிகாட்டி. கார்மின், டாம்டாம் முதலிய நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைச் செய்கின்றன. வண்டியின் உயரம், அகலம், நீளம், மொத்த எடை, அச்சொன்றின் மீதான எடை, எண்ணெய் போன்ற அபாயப் பொருளா என்பன யாவற்றையும் முதலிலேயே பதிந்துவிடலாம். தாழ்ந்த பாலமும் எடை தாங்காத பாலமும் உள்ள வழிகளை அது விலக்கிச் செல்லும். திரை பெரிது, வெயிலிலும் தெளிவாகத் தெரியும். ஆனால் எங்களுக்குக் கிடைத்த கருவியை இயக்கியபோது, அதனுள்ளே வட அமெரிக்கா முழுவதும் இருந்தது, இலங்கை இல்லை. திரையில் எங்கள் வீடு ஒரு வெறும் நீலப் பரப்பின்மேல் மிதந்தது. மருமகன் முதன்முறையாகச் சிரித்தான். “மாமா, கடலுக்குள் நிற்கிறோம்” என்றான்.

இதிலிருந்து ஒரு பாடம்: கருவியை விலை பேசுமுன், ஓட்டப்போகும் நாட்டின் வரைபடம் அதில் உண்டா, அவ்வரைபடத்தில் லொறிக்குரிய தடைகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும. வரைபடத்தில் ஒரு பாலத்தின் உயரம் எழுதப்படாவிட்டால், வண்டியின் உயரத்தை அங்குலக் கணக்காகப் பதிந்தும் பயனில்லை. புதிதாக இத்தகைய கருவியை வாங்கவோ ஒரு சோடி பின்சக்கர டயர்களுக்குரிய பணம் வேண்டும். அறியாமல் வாங்கி வீணாக்கத் தக்க தொகையன்று.

மூன்றாவது பெட்டி, கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர் பரீட்சார்த்தமாக வைத்துவிட்டுப் போனது. அது வழி காட்டாது. வண்டி எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலிருப்பவருக்கு அறிவிக்கும். அத்தானின் மனம் இதன்மேலேயே இருந்தது. வீட்டில் இருந்தபடியே மகனின் லொறி எந்த வளைவில், எந்த வேகத்தில் செல்கிறதென்று காணலாமல்லவா? மருமகன் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அது எனக்கு வழி சொல்லாது, மாமா. என்னைப்பற்றி அப்பாவுக்குச் சொல்லும்” என்றான் மெதுவாக. அத்தான் கேட்டும் கேளாதவர்போல் வெற்றிலையை மடித்தார்.

சுவாமி மலையில் ஒரு நினைவு

அன்று மாலை நானும் மருமகனும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரெட்றிக் கோட்டையின் வாசல் வளைவின்கீழ் அவன் நின்று அண்ணாந்து பார்த்து, கையை உயர்த்தி ஏதோ அளந்தான். லொறிக்காரன் பிள்ளைக்கு வாசலைக் கண்டால் முதலில் தோன்றுவது உயரந்தான் போலும். 1624ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டை, பின்பு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இன்று மான்கள் அதன் நிழலிற் படுத்திருக்கின்றன.

மலை விளிம்பில் நின்று கீழே நீலக் கடலைப் பார்த்தபோது எனக்கு ஆதர் சி. கிளார்க் நினைவுக்கு வந்தார். இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்ட அவ்விஞ்ஞான எழுத்தாளர் 1956ஆம் ஆண்டு மைக் வில்சன் என்பவருடன் இம்மலையடியில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களைக் கடலடியிற் கண்டார். அதே 1956ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அவர் எழுதிய கடிதமொன்றில், வானத்தில் நிறுத்தப்படும் செயற்கைக் கோள்களின் துணையால், கைக்கடிகாரம் அளவுள்ள கருவியொன்றைக் கொண்டு எவரும் பூமியில் தாம் நிற்குமிடத்தை அறியலாம் என்று குறிப்பிட்டிருந்தார். முதற் செயற்கைக் கோளே அப்போது பறக்கவில்லை. அது 1957இல் தான் பறந்தது. இதனைச் சொன்னபோது மருமகன் வியந்து, “அப்படியானால் இந்த யந்திரத்தின் யோசனை நம் நாட்டுக்குப் புதிதில்லை” என்றான்.

“சரி, வானத்திலிருந்து அது எப்படி நம்மைப் பார்க்கிறது?” என்று கேட்டான். பலருக்கும் உள்ள மயக்கம் இது. அது நம்மைப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றிவரும் ஜீ.பீ.எஸ். கோள்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது கூறிக்கொண்டிருக்கின்றன. கோயில் மணியோசை எவ்வளவு தாமதித்துக் கேட்கிறது என்பதைக்கொண்டு கோயிலின் தூரத்தைக் கணிப்பதுபோல, அவ்வலைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கிறது. நான்கு கோள்களின் குரல் கேட்டால் இடம் தெளிவாகும். நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு செக்கன் பிழைத்தாலும் தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். முதற் கோள் 1978இல் ஏவப்பட்டது. அமெரிக்கப் படைத்துறைக்குரிய இவ்வேற்பாட்டில் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே கலந்து வைத்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே வீதியிற் செல்லும் வண்டிக்கு இது நன்கு பயன்படலாயிற்று. இன்று உருசியா, ஐரோப்பா, சீனா, இந்தியா ஆகியனவும் தத்தம் கோள்களை வைத்திருக்கின்றன. பல கருவிகள் அவற்றுட் சிலவற்றின் குரலையும் சேர்த்துக் கேட்கின்றன.

இதனாற் பெறும் பயனுள்ள செய்தி யாதெனில், இடமறிவதற்குத் தொலைபேசிச் சமிக்ஞை வேண்டியதில்லை. காட்டு வழியில் வரைபடம் மறைந்துபோவது கோள்களின் குற்றமன்று. வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைக்காத குற்றமே. இடத்தை வீட்டுக்கு அறிவிக்கும் மூன்றாவது பெட்டிக்கு மட்டும் தொலைபேசிச் சமிக்ஞை இன்றியமையாதது. சமிக்ஞை அறும் மலையிடுக்கில் அதுவும் மௌனமாகிவிடும். அக்கா அஞ்சுவது அத்தகைய இடங்களைத்தான்.

கிண்ணியாத் துறையிலே

அடுத்த நாள் லொறியை வெறுமையாக எடுத்துக்கொண்டு மூவரும் மூதூர் வரை பரீட்சைப் பயணம் போனோம். மருமகன் தன் கைப்பேசியில், ஓப்பன்ஸ்ட்ரீட்மாப் என்னும் பொதுமக்கள் வரைபடத்தை இறக்கி வைத்துப் பாவிக்கும் செயலி ஒன்றை ஏற்றியிருந்தான். அவ்வகைச் செயலிகளிற் சிலவற்றில் லொறியின் அளவுகளையும் பதியலாம்.

புறப்படுமுன் அளவுநாடாவால் லொறியை அளந்தோம். அத்தான் கூரைமேல் நாடாவைப் பிடிக்க, மகன் கீழே நின்று வாசித்தான். படங்கு கட்டிய முழுச் சுமையோடுள்ள உயரத்தையே பதிய வேண்டுமென்று அத்தான் சொன்னார். எடையும் அப்படியே, வெறும் வண்டியின் எடையைப் பதிந்தால் மதகு ஏமாறாது. அளவு அடியில் இருக்க, செயலி மீற்றரில் கேட்டது. பதின்மூன்று அடி என்பது ஏறத்தாழ 3.96 மீற்றர். இதில் தவறினால் எல்லாம் தவறு.

கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு பொருளிலும் ஒரு பாடம் கிடைத்தது. காரின் மின்சாரம் 12 வோல்ற்று. பெரிய லொறிகளினது 24. காருக்குரியதைச் செருகியிருந்தால் அது கருகியிருக்கும். இரண்டுக்கும் ஏற்றதென்று எழுதியிருப்பதையே வாங்கவேண்டும். கண்ணாடியோரம் வைத்த கைப்பேசி சீனக்குடா தாண்டுமுன்னே வெயிலிற் சூடேறித் தானாக அணைந்துவிட்டது. காற்றுத் துவாரத்தின் அருகே, பார்வையை மறையாத இடத்தில் தாழ்த்தி வைத்தபின் ஒழுங்காக இயங்கிற்று.

கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுள்ளது. அதற்குமுன் இவ்விடத்தில் வாகனங்கள் பாதை எனப்படும் மிதவையிலேறித்தான் அக்கரை சேர்ந்தன. “இந்த இடத்தில் வெயிலில் மூன்று மணித்தியாலம் காத்துக் கிடந்திருக்கிறேன்” என்றார் அத்தான். அவர் சொல்லி முடிக்குமுன் அக்கரை வந்துவிட்டது.

பாலத்துக்கப்பால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். வள்ளத்திலிருந்து இறங்கி வந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் எங்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, தம் பையிலிருந்து உள்ளங்கையளவு கருவியொன்றை எடுத்துக் காட்டினார். கடலிலே மீன் படும் பாறைகளை, வலை சிக்கிக் கிழியும் இடங்களை அவர் அதிற் புள்ளிகளாகப் பதிந்து வைத்திருந்தார். “தம்பி, இது வாங்கும்போது வெறும் பெட்டி. இதிலுள்ள புள்ளிகள்தான் என் வாப்பாவும் நானும் நாற்பது வருடம் உழைத்துத் தேடியது. பெட்டி உடைந்தால் வேறு வாங்கலாம். புள்ளி போனால் எங்கே வாங்குவது? அதனால் கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன்” என்றார்.

அத்தான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூதூர்ப் புளியமரம்

மூதூரில் மற்றுமொரு பழங்கதை காத்திருந்தது. 1660ஆம் ஆண்டு, புயலில் அடிபட்டுக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் வேறு சிலரும் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டனர். ஒரு புளியமரத்தடியே அவ்விடமென்பது ஊரார் வழக்கு. தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவரிடம் வரைபடமில்லை. சிறு வியாபாரியாக ஊரூராய்த் திரிந்து, மக்களிடம் பேச்சுக் கொடுத்து, எந்த வழி எங்கே போகிறதென்று ஆண்டுக்கணக்காக அறிந்துகொண்டார். அனுராதபுரத்துக்கப்பால் ஆற்றின் கரையையே பற்றிக்கொண்டு கடலோரம் சேர்ந்தார்.

இதனை நான் சொல்லி முடித்தபோது அத்தான் மகனைப் பார்த்துக் கூறினார்: “தகப்பன் கூட வரமுடியாமற் போனாலும், மகன் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தான். அப்படித்தானே?” இரண்டு வருடத்துக்குப் பின் அவர் மகனிடம் வழியைப்பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. மகன் தலையசைத்தான். சிறிது பொறுத்து, “அன்றைக்கு நான் மதகைப் பார்க்கவில்லை, அப்பா. திரையைத்தான் பார்த்தேன்” என்றான். “நானும் உன்னைத்தான் கேட்டேன், இறங்கிப் போய் மதகைப் பார்க்கவில்லை. சுக்கான் என் கையில் அல்லவா இருந்தது?” என்றார் அத்தான். அவ்வளவுதான் பேச்சு. திரும்பும் வழியில் இருவரும் ஒரு பொதியிலிருந்த கடலையைப் பகிர்ந்து தின்றனர்.

கொப்பியும் புள்ளிகளும்

அன்றிரவு அத்தான் அலமாரியிலிருந்து பழைய பள்ளிக்கூடக் கொப்பிகள் மூன்றை எடுத்துவந்தார். ஒவ்வொரு பயணத்திலும் கண்டவற்றை எழுதி வைத்திருந்தார். எந்த ஊரில் மின்கம்பி தாழ்ந்து தொங்கும், எந்தச் சந்தையின் வளைவில் நீண்ட வண்டி திரும்பாது, ஹபரணைக் காட்டில் யானைகள் வீதியைக் கடக்குமிடம் எது, இறம்பொடை இறக்கத்தில் எவ்விடத்திலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும், இரவில் நம்பி உறங்கத்தக்க கடை எது என்பன எல்லாம் அதில் இருந்தன. இவற்றுட் பெரும்பாலானவை எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் இல்லாதவை. யானை வருமென்று எந்தக் கோள் சொல்லும்?

அத்தான் வாசிக்க, மருமகன் அவ்விடங்களை ஒவ்வொன்றாக வரைபடத்திற் புள்ளியிட்டான். மதகு இடிந்த இடத்துக்கு வந்தபோது ஒரு கணம் இருவரும் தயங்கினர். பின்பு அதற்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தனர். எடைத் தடைப்பலகை நாட்டியிருப்பதைத் தாம் கண்ணாற் கண்ட பாலங்களைப் பொதுமக்கள் வரைபடத்திலேயே சேர்த்தும் விட்டான். அதனால் முகமறியாத வேறு சாரதிக்கும் உதவி. இரண்டு இரவுகள் இவ்வேலை நடந்தது. அக்கா தேநீர் வைத்து வைத்துக் களைத்தாள். ஆயினும் அவளுடைய முகத்தில் நான் வந்த நாளில் இல்லாத தெளிவு இருந்தது.

முடிவில் வாங்கியது என்ன? பெரிய திரையுள்ள பழைய கைப்பேசி ஒன்று, வழிகாட்டுவதற்கென்றே, அழைப்புக்கு வேறொன்று. 24 வோல்ற்றுக்கேற்ற மின்னேற்றி, உறுதியான தாங்கி. வரைபடத்தை மாதமொருமுறை புதுப்பிப்பதென்று ஒரு விதி. லொறிக்கெனச் செய்த கருவியை, நம் நாட்டின் தடைகள் முழுமையாக எழுதப்பட்ட வரைபடத்தோடு அது கிடைக்கும் நாளில் வாங்கலாமென்று ஒத்திவைத்தோம். அந்நிய நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓட்டும் நம் உறவினருக்கோ அதுவே ஏற்றது. அங்கே தாழ்ந்த பாலங்கள் கணக்கெடுத்து எழுதப்பட்டுள்ளன. மூன்றாவது பெட்டியை அத்தான் தாமே பொதிந்து விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்தார். “பல லொறி வைத்திருக்கும் முதலாளிக்கு இது வேண்டும். எனக்கு ஒரு மகன்தானே ஓட்டுகிறான், அவன் தம்புள்ளையில் ஒருமுறை, கண்டியில் ஒருமுறை, போய்ச் சேர்ந்து ஒருமுறை பேசினாற் போதும்” என்றார். ஒரேயொரு கட்டளை மட்டும் விதித்தார்: கருவி போ என்றாலும், அவ்வூர் மனிதன் நில் என்றால் நிற்கவேண்டும்.

புயல் நாளில்

மருமகன் ஆனி மாதக் கடைசியில் முதற் பயணம் போய் வந்தான். பின்னும் பலமுறை போனான். நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்து, வீதிகள் அறுந்து, பல நூறு உயிர்கள் போயின. அக்கிழமை அவன் சீமெந்துடன் தம்புள்ளைவரை சென்றிருந்தான். மழை பொழிந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் இறக்கி வைத்த வரைபடம் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் எப்போதும்போல் ஒரு கோட்டை இழுத்து, சேரும் நேரத்தையும் காட்டியது. அது இறக்கி வைத்த நாளின் உலகத்தையே அறியும்.

தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மலைநாட்டு லொறிகள் வந்து நிற்பது வழக்கம். அன்று வரவேண்டியவை பல வரவில்லை. வந்த ஒரு சிங்களச் சாரதி, “மல்லி, மேலே போகாதே, மலை இறங்குகிறது” என்று கையைப் பிடித்துச் சொன்னாராம். அவன் லொறியை ஓரங்கட்டித் தகப்பனை அழைத்தான். “நிற்கிறேன், அப்பா” என்றான். “நல்லது, மகன்” என்றார் அத்தான். சுமை பிந்தியது, ஒரு தவணைப் பணமும் பிந்தியது. மகன் வீடு வந்து சேர்ந்தான்.

இதனை அக்கா எனக்குச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. வழிகாட்டி வாங்கப் போன எனக்குக் கிடைத்த கூலி அதுவே. லொறி வைத்திருக்கும் வாசகர்கள் கருவி வாங்குங்கள், ஆராய்ந்து வாங்குங்கள். நாட்டின் வரைபடம் உண்டா, லொறியின் அளவைக் கேட்கிறதா, சமிக்ஞை இன்றி இயங்குமா, வண்டியின் மின்சாரத்துக்கு ஏற்றதா என்ற நான்கு கேள்விகளையும் கடைக்காரரிடம் கேளுங்கள். அதன்பின் வீட்டிலுள்ள பழைய சாரதியை ஓர் இரவு உட்காரவைத்து, அவர் அறிந்த வழிகளைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

திருக்கோணமலையில் இன்றும் அத்தான் அதிகாலையில் அனுராதபுரச் சந்திவரை மகனோடு நடந்து வருகிறார். லொறியின் பின்விளக்கு மறையும்வரை நிற்கிறார். பின்பு வீடு திரும்பி, நான்காவது கொப்பியைத் திறந்து வைத்துக்கொள்கிறார். அதில் எழுதுவது இப்போது அவரல்லர். பயணம் முடிந்து வந்து மகன் எழுதுகிறான், அவர் வாசிக்கிறார்.